துருத்தி ஊத ஓர் ஆள்



தை பிறந்துவிட்டது. ஏரிகளில் தண்ணீர் நிற்கிறது. விடியலில் பனி இறங்குகிறது. எட்டரை மணிக்கு மேல்தான் வெயில் முகத்தைக் காட்டுகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் சைக்கிள் மிதிக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. மாசிக் கடைசியில் வெயில் பிடித்துக்கொண்டால், பிறகு ஆடிக் காற்று வரும்வரை நாமெல்லாம் நிழல் தேடி ஓடுகிறவர்கள். ஆகவே இந்த மாதப் பக்கத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். அரசியல் அடுத்த இதழ்வரை காத்திருக்கட்டும், அது எங்கும் போய்விடாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் மொத்தம் 12 கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, எஞ்சிய ஒன்று நம்முடையது. அதுமுதல் கோட்டையைப் பற்றி விசாரித்து வரும் கடிதங்களில், "சைக்கிளில் போய்வர முடியுமா?" என்று கேட்பவையும் வருகின்றன. தாராளமாக முடியும். விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்து சுமார் 30. விடியலில் கிளம்பினால் காலைப் பலகாரத்துக்குச் செஞ்சி. ஆனால் அந்தக் கடிதங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பின்குறிப்பு இருக்கிறது: வீட்டில் கியர் சைக்கிள் ஒன்று இருக்கிறது, ஓட்டாமல் நிற்கிறது.

அந்த வண்டியை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்குப் பரிசாகவோ, ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமலோ வாங்கியது. அகல டயர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், டிஸ்க் பிரேக், 21 கியர். மலையேறும் சைக்கிள் என்று சொல்லி விற்றார்கள். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு செயின் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு ஏற அடம்பிடித்தது. பிரேக் ஊரைக் கூட்டியது. ஒருநாள் வேலிகாத்தான் முள் ஏறிக் காற்று இறங்கியது. தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், கடைக்கார அண்ணன் வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கியரு வண்டியா தம்பி? இதுல நான் கை வெக்கமாட்டேன். பாண்டிக்கு எடுத்துனு போயிடு" என்று சொல்லியிருப்பார். பாண்டிக்குக் கொண்டுபோகக் குட்டியானை வண்டி பிடிக்க வேண்டும். அந்த வாடகையை யோசித்து வண்டி மாடிப்படிக்குக் கீழே போனது. இப்போது அதன் ஹேண்டில்பாரில் துண்டு காய்கிறது.

வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழுது பார்க்க ஆள் இல்லாத ஊரில் எந்த வண்டியும் நிற்கத்தான் செய்யும். செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் 1714இல் களத்தில் மாளும்வரை அவன் ஏறிய குதிரைக்கு லாடம் அடிக்க ஒருவர் கோட்டைக்குள் இருந்திருப்பார். பாட்டுக் கட்டியவர்கள் குதிரையைத்தான் பாடினார்கள். சைக்கிள் குழு தொடங்க வேண்டும் என்று கேட்கிற இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெயர் வைப்பது, பனியன் அடிப்பது, வாட்ஸ்அப் குழு திறப்பது எல்லாம் ஒரு சாயங்கால வேலை. ஒரு கருவிப்பெட்டியும் அதைக் கையாளத் தெரிந்த இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

வாடகை சைக்கிள் காலத்தில் நமக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மணிக்கணக்கில் சைக்கிள் விட்ட கடைக்காரரே மெக்கானிக்காகவும் இருந்தார். பால்ரஸ் மாற்றுவது, வீலுக்குக் கோட்டம் எடுப்பது, பிரேக் கட்டை போடுவது எல்லாம் தெருவோரத்தில் நம் கண்ணெதிரே நடந்தன. வருஷத்துக்கு ஒருமுறை "ஓவராயில்" என்று சொல்லி வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் முக்கி, கிரீஸ் வைத்துப் பூட்டித் தருவார். குரங்கு பெடல் போட்ட வயதிலேயே பையன்கள் பாதி வேலையைப் பார்த்துப் பழகினார்கள். மோட்டார் சைக்கிள் வந்தது, வாடகைக் கடை போனது, அந்தத் தெருவோரப் பள்ளிக்கூடமும் கூடவே போனது. பிறகு கியர் வண்டி வந்து இறங்கியபோது சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

மலைச் சைக்கிள் என்ற வண்டி பிறந்ததே பழுதுபார்க்கும் இடத்தில்தான். 1970களில் கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் காயலான் கடைகளிலிருந்து 1930கள், 40களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். தடித்த டயர், கனத்த இரும்பு. நம் ஊரில் நெல் மூட்டை ஏற்றிய ஹெர்குலிஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மலைக்குமேல் கொண்டுபோய் மண் பாதையில் கீழே விடுவார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முறையாக நேரம் குறித்துப் பந்தயமும் வைத்தார்கள். சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். அந்த வண்டிகளுக்குப் பின்சக்கர ஹப்புக்குள்தான் பிரேக், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். ஒருமுறை கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். அடுத்த முறை இறங்க வேண்டுமானால் ஹப்பைக் கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கே "ரீபேக்" என்று பெயர் விழுந்தது. அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிதாக ஒரு சட்டகம் கட்டினார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் கம்பெனி தொடங்கினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் சேர்ந்தது. கையில் கிரீஸ் படிந்த நாலு நண்பர்கள் ஒரே இடத்தில் கூடியதால் வந்த வினை.

நம் நிலம் அந்த மண் பாதைகளுக்குச் சளைத்ததல்ல. செஞ்சிப் பக்கம் போனால் உருட்டி அடுக்கினாற்போல் பாறைக் குன்றுகள், நடுவே ஏரிக்கரைகள். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் ஏறக்குறையப் பாதியில் மண்டகப்பட்டு. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட குடைவரை இருக்கும் ஊர். உலோகமே வேண்டாம் என்றவரின் வாசலில் நாம் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு நிற்போம். திண்டிவனத்திலிருந்து தெற்கே மயிலம் மலை, அதைத் தாண்டி வானூர் பக்கம் போனால் திருவக்கரை. அங்கே சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கிழக்கே போனால் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி, அதன் ஓரமாக மரக்காணம் உப்பளங்கள். நாற்கரச் சாலையில் லாரிகளோடு மல்லுக்கு நின்று கிலோமீட்டர் கணக்குக் காட்டுவதைவிட, இந்த ஊர்ச்சாலைகளில் பாதித் தூரம் போனாலே போதும் என்பது என் கட்சி.

வானூர் வட்டத்திலேயே நமக்கு ஒரு பாடசாலை இருக்கிறது. 1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடி, நிலத்தில் ஆழ ஆழமாய் ஓடைப் பள்ளங்கள் அறுந்து கிடந்தன. வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தி, மரம் வைத்து அதை மீட்டார்கள். இன்று அந்தக் காட்டுக்குள் சைக்கிளுக்கென்றே தனிப்பாதைகள் ஓடுகின்றன. மலைச் சைக்கிள்காரர்கள் அந்தச் செம்மண் பள்ளங்களைத் தேடி வருவதும் உண்டு. அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வரப்புகள் மண்ணைப் பிடித்து நிறுத்தக் கட்டியவை. சாகசத்துக்காக அவற்றின்மேல் டயரை ஏற்றி உடைத்தால், அடுத்த ஐப்பசி மழை அந்த இடத்திலேயே வாய்க்கால் வெட்டிவிடும்.

சரி, வண்டிக்கு வருவோம். இதைத்தான் விரிவாக எழுத நினைத்திருந்தேன்.

நம் செம்மண் புழுதிக்கு ஒரு குணம் உண்டு. செயினில் எண்ணெய் பளபளவென்று வழிந்தால் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் உப்புத்தாள் வேலையைச் செய்யும், செயினும் பல்சக்கரமும் சேர்ந்தே தேயும். பலர் செயினுக்கு கிரீஸைத் தடவுகிறார்கள், தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள், பைக்கிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறார்கள். மூன்றுமே வேண்டாம். முதலில் செயினைத் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கொஞ்சம் டீசலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். அழுக்கு போனபின் துணியால் காயத் துடைத்து, செயினுக்கென்று விற்கும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி உள்ளே இறங்க விட்டு, மேலே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கண்ணிக்கு உள்ளே இருந்தால் போதும், வெளியே பளபளக்க வேண்டியதில்லை. துருவைக் கழற்றத் தெளிக்கும் டப்பா ஸ்பிரேயை எண்ணெய் என்று நினைத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிட்டுப் போகும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருக்கும் அடி ஸ்கேலே போதும். ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். புதுச் செயினில் ஒரு ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 24ஆவது கண்ணியின் ஆணி நடு சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். அது கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போய்விட்டால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்குவரை போகவிட்டால், செயினோடு பின் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். செயின் விலை குறைவு, பல்சக்கரம் அப்படியல்ல. இந்த ஒரு சோதனை மட்டும் தெரிந்திருந்தால் நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் பணம் மிஞ்சியிருக்கும்.

கியர் மாறாமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் கேபிள் கோளாறுதான். புது கேபிள் சில வாரங்களில் கொஞ்சம் தளரும், அது இயல்பு. பின்சக்கரத்தருகே தொங்கும் டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகக்கூடிய ஒரு சிறு உருளை இருக்கும். செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், அந்த உருளையைப் பின்னால் நின்று பார்த்தபடி இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. பொறுமையாகக் கால் சுற்று, கால் சுற்றாகத்தான். அதற்குப் பக்கத்தில் 'எச்', 'எல்' என்று பொறித்த இரண்டு ஸ்குரூ இருக்கும். செயின் பல்சக்கரத்தை விட்டு வெளியே விழாதவரை அவற்றைத் தொட வேண்டாம். ஆர்வக்கோளாறில் அவற்றைத் திருகியதால் மாடிப்படிக்குக் கீழே போன வண்டிகள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

வண்டி வலப்பக்கமாக விழுந்தபின் கியர் தகராறு தொடங்கியதா? அப்படியானால் கேபிளை விட்டுவிட்டு, டீரெய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் சிறிய அலுமினியத் துண்டைப் பாருங்கள். ஹேங்கர் என்பார்கள். அடிபட்டால் தான் வளைந்து சட்டகத்தைக் காப்பாற்றட்டும் என்றே அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். சங்கடம் என்னவென்றால், ஒரு மாடலின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. வண்டி வாங்கும்போதே உபரியாக ஒன்று கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் ஸ்டாண்டைவிட முக்கியமான உதிரி அது.

டிஸ்க் பிரேக்குக்கு ஒரே விதிதான்: எண்ணெய்ப்பசை ஆகாது. செயினுக்குத் தெளித்த எண்ணெய் ஒரு துளி தட்டில் பட்டாலும் பிரேக் பிடிக்காது, கத்தவும் செய்யும். கத்துகிறதே என்று தட்டிலேயே எண்ணெய் விடுகிற புண்ணியவான்கள் உண்டு. அடுத்த இறக்கத்தில் அவர்களுக்குக் கடவுள்தான் துணை. தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, கட்டைகளின் முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும். எண்ணெய் ஊறிப்போன கட்டையாக இருந்தால் புதிது போடுவதே நல்லது.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மாவட்டத்துக்காரன் எழுதியதாக யாரும் நம்ப மாட்டீர்கள். ஏரிக்கரையெங்கும் வேலிகாத்தான். ஆடு தின்ன வெட்டிப்போட்ட கிளை, வேலிக்கு அடைத்த கிளை, ஜேசிபி வாரிப்போட்ட கிளை, எல்லாவற்றின் முள்ளும் கடைசியில் பாதைக்குத்தான் வருகிறது. பஞ்சர் ஒட்டுவதோடு வேலை முடிவதில்லை. டயரின் உட்புறம் முழுக்கத் துணியைச் சுற்றிய விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒடிந்த முள்முனை உள்ளே இருந்தால் அரை மணி நேரத்தில் அடுத்த பஞ்சர். 27.5, 29 அங்குல டியூப்கள் கிராமத்துக் கடைகளில் கிடைக்காமல் போகலாம், ஆகவே ஒன்றைக் கூடவே எடுத்துப் போங்கள். மெலிந்த வால்வு உள்ள டியூப் என்றால் பெட்ரோல் பங்க் பம்பு பொருந்தாது. அதற்கென ஒரு பித்தளைக் குப்பி உண்டு, பைசா பெறாத சாமான், பையில் இருக்கட்டும். காற்றையும் கல்போல் அடைக்காதீர்கள். மண் பாதையில் இந்த அகல டயர்களுக்கு 30 பவுண்டு சுமார் போதும். பாறையில் பிடிமானம் அதில்தான் இருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தில் ஹப்பு மூழ்கி நின்ற வண்டியை வெயிலில் காயவைத்து ஓட்டினால் போதாது. உள்ளே சேறு புகுந்த பால்ரஸைத் திறந்து துடைத்துப் புது கிரீஸ் வைக்காவிட்டால், அது உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். வெள்ளம் எப்போதாவதுதான் வருகிறது. ஆனால் வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய்ப் பீச்சி அடிக்கிறார்களே, அதுவும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, கொஞ்சம் சோப்பு, அவ்வளவே தேவை. மரக்காணம் பக்கம் உப்புக்காற்றில் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். உப்புக்கு மறுநாள் காலைவரை பொறுமை கிடையாது.

இவ்வளவையும் ஒருவரே தனியாகக் கற்க வேண்டுமா? இங்கேதான் குழு வருகிறது.

ஜி.எஸ்.டி. சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ விடியற்காலையில் மின்னும் சட்டையோடு தலைக்கவசம் அணிந்து மிதித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் ப்ரெவே எனப்படும் நெடும்பயணம் போகிறவர்கள். பிரான்ஸில் தோன்றிய வழக்கம் அது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் துறைமுகம்வரை போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 90 மணி நேரம். பந்தயமல்ல, யார் முதல் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு விதி கறாரானது: சோதனைச் சாவடிகளுக்கு இடையே பின்தொடரும் உதவி வண்டி கூடாது. பழுதானால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தில் விதி இன்னும் கொடுமை. 1913இல் யூஜீன் கிறிஸ்டோஃப் என்பவர் பிரனீஸ் மலையில் முன்னணியில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஃபோர்க் ஒடிந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே நடந்து, அடிவாரக் கிராமத்தில் ஒரு கொல்லுப்பட்டறையைக் கண்டுபிடித்தார். கொல்லர் உதவக்கூடாது, பந்தய அதிகாரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கிறிஸ்டோஃபே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டினார். இரண்டு கையும் வேலையில் இருக்க, பட்டறைச் சிறுவன் துருத்தி ஊதினான். அதற்கு அபராதம் போட்டார்கள்! முதலில் பத்து நிமிடம், பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். கிறிஸ்டோஃபின் கையைக் கும்பிடலாம். ஆனால் நம் ஊருக்கு வேண்டியது அந்தப் பையன். நீ செயினைப் பிடி, நான் ஆணியைத் தள்ளுகிறேன் என்று ஒருவருக்கொருவர் துருத்தி ஊதிக்கொள்ளும் கூட்டம்தான் குழு.

ஆகவே குழு தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இது. மாதத்தில் மூன்று ஞாயிறு ஓட்டுங்கள், ஒரு ஞாயிறு ஓட்டாமல் உட்கார்ந்து வண்டிகளைக் கழற்றுங்கள். ஆலன் கீ, செயின் கட்டர், டயர் லீவர், ஸ்போக் கீ, ஒரு நின்றபடி அடிக்கும் பம்பு, இவற்றை எல்லோரும் காசு போட்டு வாங்கினால் போதும். முக்கியமாக, தெருமுனைக் கடைக்கார அண்ணனை அந்த ஞாயிற்றுக்கு அழையுங்கள். கியரில் கை வைக்கமாட்டேன் என்றவர் நூறு வீலுக்குக் கோட்டம் எடுத்தவர். காதால் கேட்டே பால்ரஸ் கோளாறைச் சொல்லக்கூடியவர். நீங்கள் கியரைக் காட்டுங்கள், அவர் வீலைக் காட்டுவார். அவருக்கு அரைநாள் கூலியைக் கையில் கொடுங்கள், டீயோடு முடித்துவிடாதீர்கள். இரண்டே மாதத்தில் உங்கள் ஊருக்குக் கியர் மெக்கானிக் ஒருவர் கிடைத்துவிடுவார்.

கியர் வண்டிக்காரர்கள் மட்டும் கூடினால் அது குழுவாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் நிற்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அதில் பாதி துருப்பிடிக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைப்பில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் கற்றார்கள். மறு ஆண்டு மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் அந்த நகரத்தை வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது பார் வைத்த ஜென்ட்ஸ் வண்டியையே வாங்கி, அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைத்தார்கள். கழற்றும் ஞாயிற்றில் முதலில் அந்தப் பள்ளி சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டுங்கள், அந்தப் பெண் பிள்ளைகளுக்கே ஒட்டக் கற்றுக்கொடுங்கள். பனியன் அதற்கப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

ஓட்டும்போது சில மரியாதைகள். செஞ்சிக்கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. மதிலுக்குள் சைக்கிள் வித்தை வேண்டாம். வாசலில் பூட்டிவிட்டு ராஜகிரியை நடந்து ஏறுங்கள், காலுக்கு அதுவே போதும். பக்கமலை போன்ற காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. கழுவெளிக் கரையில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும் பருவம் இது, அங்கே புளூடூத் பாட்டு வேண்டாம். ஊர்ச்சாலையில் நெல்லோ மல்லாட்டையோ காயப்போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். டி.எம்.வி. என்று தொடங்கும் பெயருடைய மல்லாட்டை ரகங்களெல்லாம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. சொந்த ஊர்ப் பயிரின்மேல் டயரை ஏற்றுவது அழகல்ல. களத்து மேட்டில் ஆயா இருந்தால் இரண்டு கை அள்ளித் தருவார், அதுவும் உண்டு.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி, வானூர், மரக்காணம் எந்த ஊரானாலும் சரி, கியர் சைக்கிளில் கை வைக்கத் தயங்காத மெக்கானிக் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும், கடை இருக்கும் இடத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி நமக்கு அனுப்புங்கள். பங்குனி இதழில் ஊர்வாரியாக அந்தப் பட்டியலை வெளியிடுகிறோம். அட்டைகள் மாசி 15க்குள் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்